ஜெயசீலன் மாஸ்டர் சத்தத்தைக் கூட்டச் சொன்ன நாள்

ஜெயசீலன் மாஸ்டர் காலமான செய்தி எனக்கு நாற்பது நிமிடம் பிந்தித்தான் கிடைத்தது. அறிவித்தவர்கள்மேல் குற்றமில்லை. பதினொரு தடவை அழைத்திருக்கிறார்கள். அந்த ஞாயிறு காலை நான் அறைக்குள் இருந்து, இரண்டு காதுகளிலும் இயர்போனை இறுக்கிச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இடி விழுந்தாலும் உள்ளே வராது என்று ஊரெல்லாம் பெருமையடித்து வாங்கிய இயர்போன். கடைசியில் மனைவி வந்து தோளில் தட்டினாள்.

"இஞ்சாருங்கோ, எத்தினை தரம் கூப்பிடுறது? ஜெயசீலன் மாஸ்டர் மோசம் போயிட்டாராம்."

"எந்த ஜெயசீலன்?" என்று கேட்டேன். எனக்கு வேறு ஜெயசீலன் ஒருவரையும் தெரியாது.

அவள் என் போனை எடுத்து நீட்டினாள். நான் பாட்டை நிறுத்தினேன். வயரைச் சுருட்டினேன். பிளேயரை அதன் தோலுறைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டி, அலுமாரிக்குள் வைத்துத் திறப்பைத் திருகினேன். அதன் பிறகுதான் எழும்பிச் சட்டை போட்டேன். நீயும் ஒரு மனிதனா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கும் அழுகை வரவில்லை, அடக்கத்தன்றைக்கும் வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை. கை எழுதுகிறது, அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அவருடைய மனைவி கிறேஸ் ரீச்சர் கேட்டபோது ஓம் என்றேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் பௌதிகவியல் படித்தவர்கள். சிலர் அவரோடு தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர்கள். நான் அவருடைய பக்கத்து மேசைக்காரன், புவியியல் ஆசிரியன். இருபத்திரண்டு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அவரைப் புகழ்ந்து எழுத உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது. நான் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்குக் கிட்டக் கேட்காமல் இருந்துவிட்டு, கேட்கவென்றே அவர் வீட்டுக்குப் போய், கேட்காமல் திரும்பி வந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

அவரைத் தெரியாத ஆட்கள் யாரும் இதை வாசித்தால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மனிதனுக்கு முகத்துக்காகப் பொய் சொல்லத் தெரியாது. எங்கள் உப அதிபர் ஒருமுறை புதிய தொலைக்காட்சி ஒன்று வாங்கிவிட்டு, ஆசையாக அவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டினார். "எப்பிடி மாஸ்டர்?" என்று கேட்டார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆக்களெல்லாம் பச்சையாத் தெரியினம், சேர். வாங்க முதல் கேட்டிருக்கலாமே" என்றார் ஜெயசீலன். அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாரோ தெரியாது. பிறகு ஒரு மாதம் அவருக்குக் கடைசிப் பாடவேளைகளாகவே நேரசூசியில் விழுந்தன. அவற்றையும் ஒழுங்காக எடுத்து முடித்தார்.

ஒலிச் சாமான் என்றால் வலிகாமத்து ஊர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கேட்பார்கள். ஆவணியில் வெளிநாட்டுக்காரர் வருகிற காலம் வந்தால் ஆசிரியர் அறையில் ஒரே கேள்வி, 'என்ன கொண்டு வாறது எண்டு அண்ணை கேக்கிறார், எதைச் சொல்ல?' என்பதுதான். சுகந்தி என்று இளம் ஆசிரியை ஒருவர், லண்டனில் இருக்கும் தமையனிடம் ஹை-ரெஸ் பிளேயர் கேட்கப்போவதாகச் சொன்னார். பாட்டு மட்டும் மிகத் துல்லியமாகப் பாடுகிற, போனைப்போல இருக்கிற, விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிற அந்தச் சாமான்தான். ஜெயசீலன் கரும்பலகைச் சொக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கையிருந்து கேப்பீர், தங்கச்சி?"

"பஸ்ஸிலை போகேக்கை, சேர்."

"எந்த இயர்போன்?"

"போனோடை வந்தது."

"பாட்டு?"

"யூரியூப்பிலை எடுக்கிறதுதான்."

"அப்ப சும்மா இரும். மினிபஸ்ஸிலை கொண்டக்டர் 'பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ' எண்டு கத்துற கத்தலுக்குள்ளை ஹை-ரெஸ் வந்து என்னத்தைக் கிழிக்கும்? நல்ல ஹெட்போன் ஒண்டு கேளும். போனிலை கொழுவுற சின்ன வயர் ஒண்டு விக்கிறான், அதையும் கேளும். காணும். அதுக்கு மேலை குடுக்கிற காசெல்லாம் காதுக்கில்லை, கண்ணுக்கு."

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். ஏனென்றால் அதே சாமானை அந்த நேரம் என் மச்சான் சுவிசில் எனக்காக வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். மனைவியின் தமையன். எனக்கு இல்லையென்று சொல்ல மாட்டார். அந்த விலைக்கு ஒரு புது மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கலாம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுபடும், அவ்வளவு பாரம்.

அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோன நாளில் ஜெயசீலன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலைப்பாடு திறம்" என்றார். இயர்போனைச் செருகி ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு. உம்மடை போனிலையும் இதே அளவுக்கு நல்லாத்தான் இருக்கும், காணும்."

எனக்கு முன்கோபம் என்று உங்களுக்குத் தெரியும். "உம்மடை காதிலை பிழை" என்றேன். "இருக்கும்" என்றார் அவர். அதற்குப் பிறகு எங்களுக்குள் இதே கதைதான். நான் ஒரு புதுப் பாட்டைப் போட்டு, "இதிலை வயலின்காரன் மூச்சு விடுறது கேக்குது, போனிலை கேக்குமோ?" என்பேன். அவர், "மூச்சைக் கேக்கவோ பாட்டு வாங்கினனீர்?" என்பார். அந்தப் பாட்டெல்லாம் நான் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு கடையில் மெமரி காட்டைக் கொடுத்து ஏற்றியவை. 'எல்லாம் பெரிய ஃபைலாப் போடும்' என்று சொல்லி ஏற்றுவித்தேன். ஒரு பாட்டே முன்பிருந்த பத்துப் பாட்டின் இடத்தைப் பிடித்தது. எனக்கு அதிலும் ஒரு பெருமை.

ஒருநாள் பின்னேரம் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அளவெட்டிக்குப் போனார். ஒரு கோயிலில் திருவிழா, நல்ல மேளம். அவர் வேதக்காரர், உள்ளே வரவில்லை. வெளிவீதியில் கச்சான் கடைக்குப் பக்கத்தில், நாதஸ்வரக்காரருக்கு எட்டு முழத் தூரத்தில் நின்றோம். தவில் அடி நெஞ்சில் வந்து விழுந்தது. கடலை வாங்கின பேப்பர்ச் சுருள் கையில் அதிர்ந்தது. அரைமணித்தியாலம் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மேளம் நின்ற பிறகு என் சட்டைப் பையைத் தட்டி, "இப்ப உந்தச் சாமானைப் போட்டுக் கேளும் பாப்பம்" என்றார். கேட்டேன். தகரப் பேணிக்குள் இருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "இது வேறை, அது வேறை" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன். நீர் சாமானைக் கேக்கிறீர், பாட்டைக் கேக்கேல்லை" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் இயர்போனைக் கழற்றவில்லை.

பிறகு வந்தது அந்தச் சோதனை. அதைக் கேட்டது நான்தான். வாய் கிடந்தால்தானே! "கண்ணைக் கட்டினாலும் கண்டுபிடிப்பன்" என்று ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். அடுத்த நாள் பாடசாலை முடிந்ததும் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒரு பக்கம் என் பிளேயர், மறுபக்கம் என் போன். என் மெமரி காட்டில் இருந்த அதே பாட்டுகளை ஆய்வுகூட லப்டொப் வழியாகப் போனுக்கும் மாற்றினார் ஜெயசீலன். மாற்றும்போது திரையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒலி அளக்கும் கருவியை வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கினார்.

"அது எதுக்கு?" என்று சுகந்தி கேட்டார்.

"எப்பன், துளியளவு சத்தம் கூடினது எல்லாருக்கும் நல்லாயிருக்கிற மாதிரித்தான் படும், தங்கச்சி. கடைக்காரன்ரை வித்தையே அதுதான்."

என் கண்ணைச் சால்வையால் கட்டினார்கள். பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டார். பத்திலும் நான் யோசிக்காமல், உரத்த குரலில் மறுமொழி சொன்னேன். சால்வையை அவிழ்த்தபோது கரும்பலகையில் சரி நான்கு, பிழை ஆறு என்று இருந்தது. நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தால்கூட ஐந்து வந்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பெரிய சிரிப்பு.

ஜெயசீலன் சிரிக்கவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டு, "இது சரியான சோதனையில்லை. பாட்டிலை ஒரு கோளாறு இருக்குது. இன்னொரு நாளைக்கு வடிவாச் செய்வம்" என்றார். எனக்கு அது பிச்சை போடுவதுபோல் பட்டது. தோற்றவனுக்கு இரக்கம் காட்டுகிறாராம்!

"எனக்குத் தெரியும் காணும் உம்மடை வயித்தெரிச்சல். உமக்கு வெளிநாட்டிலை ஒரு நாயும் இல்லை. கொண்டுவந்து தர ஆளில்லாதவனுக்கு எல்லாச் சாமானும் கூடாத சாமான்தான்."

அவருடைய ஒரே தம்பி கனடாவுக்குப் போனவர். போய்ப் பதினைந்து வருடம். ஒரு கடிதமில்லை, ஓர் அழைப்பில்லை. தாயின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் தெரியாமல் வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். எங்கே குத்தினால் நோகும் என்று தெரிந்துதான் அந்த இடத்தில் குத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சரி, அப்பிடியே வைச்சுக்கொள்ளும்" என்றார். ஒலி அளக்கும் கருவியை அலுமாரிக்குள் வைத்தார். வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு நாங்கள் கதைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து மேசை, முழங்கை முட்டும் தூரம், கதை இல்லை. சொக்குப்பெட்டி எனக்குத் தேவையென்றால் அவர் தள்ளி வைப்பார், நான் எடுப்பேன். அவ்வளவுதான். நாளைக்குக் கேட்கலாம், தவணை முடியட்டும், பரீட்சைத் தாள் திருத்தி முடியட்டும் என்று நான் சொல்லிச் சொல்லியே மாதங்கள் போயின. எனக்குச் சாட்டுக்குப் பஞ்சமில்லை. இடையில் அவர் அடிக்கடி லீவு எடுத்தார். என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் எடுக்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் என்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்ற நினைப்பு எனக்கு. அவருக்குப் புற்றுநோய், கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றுகிறார் என்று அதிபர் கூட்டத்தில் சொன்ன நாளில், நான் என் நேரசூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்று கேட்டேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

ஒரு சனிக்கிழமை புதுப் பாட்டு ஏற்றுவதற்காக அந்த பஸ் நிலையத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் மெமரி காட்டை வாங்கிக்கொண்டு, "வழமைபோலை பெருப்பிச்சுப் போடவோ, சேர்?" என்று கேட்டார்.

"பெருப்பிக்கிறதோ?"

"ஓம். நீங்கள்தானே பெரிய ஃபைல் வேணுமெண்டனீங்கள். எங்களிட்டை இருக்கிறது சாதாரண எம்பி3தான். அதை ஒரு சொப்ட்வெயரிலை போட்டுப் பெரிசாக்கித் தாறது. வெளிநாட்டுப் பிளேயர் வைச்சிருக்கிற எல்லாரும் உப்பிடித்தான் கேக்கினம்."

"அப்ப சத்தம்?"

"சத்தம் அதேதான், சேர். அடையாள அட்டைப் படத்தைக் கண்ணீர் அஞ்சலி பனருக்குப் பெருப்பிச்சால் முகமென்ன தெளிவாகவோ போகுது?" சொல்லிவிட்டு ஏதோ ஞாபகம் வந்தவராக நாக்கைக் கடித்தார். "ஐயோ, உங்கடை மற்ற சேர் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்."

"எந்த சேர்?"

"கண்ணாடி போட்ட உயரமான சேர். போன வருசம் வந்தவர். இந்தப் பாட்டெல்லாம் என்னண்டு செய்யிறனீங்கள் எண்டு விசாரிச்சவர். 'சிவநேசன் மாஸ்டருக்குச் சொல்லிப் போடாதையும், மனுசன் பாவம், ஆசையா வாங்கினது' எண்டவர்."

மோட்டார் சைக்கிளை எடுக்க மறந்து பஸ்ஸில் ஏறி உரும்பிராயில் என் வீட்டுக்கு வந்தேன். எல்லாம் விளங்கியது. லப்டொப் திரையில் அவர் குனிந்து பார்த்தது இதைத்தான். பாட்டிலேயே சரக்கு இல்லாதபோது எந்தக் காதாலும் வித்தியாசம் பிடிக்க முடியாது. அதைக் கண்டதும்தான் சோதனை சரியில்லை என்றார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், வயலின்காரனின் மூச்சுக் கேட்கிறது என்று நான் மாதக்கணக்காக அடித்த கதைக்கெல்லாம் ஆசிரியர் அறை ஓய்வுபெறும் வரைக்கும் சிரித்திருக்கும். கேட்காதவருக்கும் போய் உண்மை சொல்கிற மனிதன், எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார். அதற்குத்தான் நான் அவருடைய தம்பியை இழுத்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் எடுத்தது எனக்கு. அது வெட்கம் என்று சொல்லலாம். திமிர் என்றும் சொல்லலாம். மச்சானிடம் சொல்லி இந்த முறை உண்மையான ஹை-ரெஸ் பாட்டுகளை முறையாக வாங்கி ஏற்றிக்கொண்டேன். வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்தது. உரும்பிராயிலிருந்து உடுவிலில் அவர் வீடு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். 'ஜெயசீலன், நான் அண்டைக்குக் கதைச்சது பிழை, மன்னியும்.' ஏழு வார்த்தைகூட இல்லை.

கிறேஸ் ரீச்சர் கதவைத் திறந்தார். ஜெயசீலன் முன் அறையில் இருந்தார். பாதியாகிப் போயிருந்தார். தலையில் கம்பளித் தொப்பி. என்னைக் கண்டதும் கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தார். "வாரும் வாரும்" என்றார், நேற்றும் கண்டவர்போல. சாப்பாடு செல்கிறதோ என்று கேட்டேன். வகுப்பு யார் எடுக்கிறார் என்று மறுமொழி வந்தது. களைப்பு என்று நினைத்தேன். என்ன கதைப்பது என்று தெரியாமல் பையிலிருந்து பிளேயரை எடுத்தேன். இயர்போனைத் தானே வாங்கிச் செருகினார்.

பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கையால் காட்டி, "எப்பன் கூட்டும்" என்றார். கூட்டினேன். "இன்னும் எப்பன்." கூட்டினேன். "இன்னும்." நான் ஒருநாளும் போகாத அளவுக்குப் போய்விட்டது. அவர் காதிலிருந்து கசிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆள் ரசிக்கிறார் என்று எனக்குச் சந்தோசம். ஏழு நிமிடப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் இருந்தார். பிறகு இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்து, கொஞ்சம் உரத்த குரலில் சொன்னார்.

"வடிவாக் கேக்குது, காணும். நல்ல சாமான். நீர் வாங்கினது பிழையில்லை."

உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வேறு யாருமில்லை, ஜெயசீலன் மாஸ்டரே ஒத்துக்கொண்டுவிட்டார்! பச்சை முகத்தைப் பச்சை என்று சொன்ன வாய்! அந்தச் சந்தோசப் புளுகத்தில் அரைமணித்தியாலம் பிளேயரைப் பற்றியே கதைத்தேன். உள்ளே இருக்கும் சிப், பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், அடுத்ததாக மச்சானிடம் எந்த இயர்போன் கேட்கப்போகிறேன், எல்லாம் கதைத்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கிறேஸ் ரீச்சர் தேத்தண்ணியோடு வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் தீர்ந்துவிட்டது போல் இருந்தது எனக்கு. வாசலில் செருப்பைப் போடும்போது ஞாபகம் வந்தது. அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று வந்துவிட்டேன். இருபத்துமூன்று நாட்களுக்குப் பிறகு அந்த ஞாயிறு வந்தது.

அடக்கத்துக்குப் போனேன். பாடகர் குழு பாடியது. பந்தலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, கூரைத் தகரம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை கழித்து இந்த மலர் விசயமாகக் கிறேஸ் ரீச்சர் அழைத்தபோது வீட்டுக்குப் போனேன். கடைசியாக வந்த நாளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். "அந்தச் சாமானை அவர் நல்லதெண்டு சொன்னவர், ரீச்சர். அதை எழுதுவன்" என்றேன். ரீச்சர் கையைக் காட்டி மறித்தார்.

"மாஸ்டர், அவருக்கு அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"மருந்து ஏத்தத் துவங்கி ரெண்டு மூண்டு மாசத்திலை காது போட்டுது. அந்த மருந்துக்குச் சில ஆக்களுக்கு அப்பிடி வருமாம், டொக்டர் முதலே சொன்னவர். உள்ளுக்கை எந்த நேரமும் இரைச்சல் எண்டுவார். பாட்டைப் போட்டால் தகரத்திலை மணல் கொட்டின மாதிரி இருக்குதெண்டு ரேடியோவையும் நிப்பாட்டச் சொல்லிப்போட்டார். பாட்டுக் குழுவுக்கும் அதாலைதான் போகேல்லை. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவர்."

"அப்ப என்னோடை கதைச்சவரே?"

"வாயைப் பாத்து விளங்கிக்கொள்ளுறவர். ஆர் வந்தாலும் நேரை கதிரையைப் போட்டு வாயைத்தான் பாத்துக்கொண்டிருப்பார். பாதி பிடிபடும், பாதி பிடிபடாது."

நான் அவர் இருந்த கதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்கள் போன பிறகு நான் எழுதிக் காட்டிக் கேட்டனான். கேக்காமல் ஏன் நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள் எண்டு. 'அந்தாள் அவ்வளவு தூரம் அதைக் காவிக்கொண்டு வந்தது, கிறேஸ். வேறை என்னத்தைச் சொல்லுறது' எண்டவர்."

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை எடுத்துக் கேட்டேன். எல்லாம் கேட்டது. எந்தக் குறையும் இல்லை. எனக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. இப்போதும் அப்படித்தான். ஆசிரியர் அறையில் இனி இப்படியான விசயத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் வந்து கேட்கிறார்கள், இந்தப் பிளேயர்களை வாங்கலாமா, காசுக்குப் பெறுமதியா என்று. வாங்க வேண்டாம் என்கிறேன். ஏன் என்று கேட்டால் அவர் சொன்ன காரணங்களைச் சொல்கிறேன், என்னுடையதைச் சொல்வதில்லை. சாமானில் பிழையில்லை. நல்ல பாட்டு, நல்ல காது, அமைதியான அறை எல்லாம் இருந்தால் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அந்த மயிரிழைக்காக நான் கொடுத்தது மச்சானின் காசு மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும். பௌதிகவியல் உங்களிடம் இருக்கிறது. பாட்டு தேவாலயத்தில் இருக்கிறது. எனக்கென்று இருப்பது அந்த முன் அறையில் அவர் எனக்கு நேரே இருந்த அரைமணித்தியாலம்தான். பாட்டு அவருக்குக் கேட்கவில்லை. என் புளுகமும் கேட்கவில்லை. ஆனால் ஜெயசீலன், நீர் அவ்வளவு நேரமும் கண் எடுக்காமல் என்னுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான் சொல்லியிருந்தால் உமக்கு விளங்கியிருக்கும்.